கோட்டின் இன்னொரு பக்கம்

துறைமுகத்தில் அவரைக் 'காது சார்' என்றுதான் சொல்வார்கள். வருகைப் பதிவேட்டில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கேட்டால் எதிர் அறை கிளார்க்கே கொஞ்சம் யோசிப்பார். கடலுக்கடியில் ஆயிரம் சத்தம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும்போது, இது இழுவைப் படகு, இது மண் அள்ளும் கப்பல், இது மழை, இது இறால் கூட்டம் சொடுக்குப் போடுவது என்று தனித்தனியாகப் பிரித்து எடுத்து வைப்பது அவர் வேலை. வீட்டில் மட்டும் மூன்று முறை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார் என்பது அவர் மனைவியின் நெடுநாள் புகார்.

அவர் உட்கார்ந்திருந்த அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கச் சாம்பல் நிற ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும். கதவைச் சாத்தினால் ஓரத்து ரப்பர் பட்டை இறுகிக்கொண்டு, வெளியே இடி விழுந்தாலும் உள்ளே தெரியாது. அங்கே நாம் பேசுகிற பேச்சு வாயை விட்டு வெளியே வந்ததும் செத்துப்போகும். ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் பத்து நிமிடத்தில் நெஞ்சை அடைக்கிறது என்று எழுந்து போய்விடுவார்கள். காது சார் அங்கே பதினைந்து வருடமாக இருந்தார். யாராவது பாவப்பட்டால், "பழகிடுச்சு" என்பார். பழகவே இல்லை. தினமும் காலையில் அந்தக் கதவைச் சாத்துமுன் ஒரு தடவை படிக்கட்டைத் திரும்பிப் பார்ப்பார்.

அவர் மனைவி ஐந்து மணி நேரப் பஸ் தூரத்தில் இன்னொரு ஊரில் தலைமை நர்ஸ். ஆறு வருடத்துக்கு முன் பதவி உயர்வோடு மாற்றலாகிப் போனவள், மகளையும் அழைத்துக்கொண்டு போனாள். அவர் பின்னாலேயே வந்துவிடுவதாகப் பேச்சு. மாதம் இரண்டு முறை துணிப்பையோடு போய், ஒரு ராத்திரி தங்கி, விருந்தாளி மாதிரி திரும்பி வருவார். மகள் பத்து வயதில், "அப்பா, அடுத்த தடவை வரும்போது" என்று ஆரம்பிக்கிற பிள்ளையாக வளர்ந்திருந்தாள்.

மாற்றல் கேட்டு ஐந்து மனு போட்டிருந்தார். ஐந்தும் திரும்பி வந்தன. "நீங்க போனா இந்த ரூமைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்" என்பார் மேலதிகாரி. துறைமுகமே அந்த மேலதிகாரியைத் திட்டியது. ஒரு மனுஷனைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்திருக்கிறானே, கல் நெஞ்சன் என்றது. அந்த ஆள் உண்மையில் பரம சாது. ஒவ்வொரு தடவையும் மனு போட்ட மறுநாள் காது சாரே அவர் அறைக்குப் போய், "புதுசா யார் வந்தாலும் கத்துக்க ரெண்டு வருஷமாவது ஆகும் சார், அதுவரைக்கும் என்ன செய்வீங்கன்னுதான் எனக்குக் கவலை" என்று மெதுவாகப் போட்டுவிட்டு வருவார். மனுவுக்கு அங்கேயே உயிர் போய்விடும். சொந்தக் கையால் கதவைச் சாத்திக்கொண்டு, சாவியைத் தொலைத்துவிட்டதாக அழுகிற ஆளை என்னவென்று சொல்வது?

அவருக்குப் பயம். அந்தப் பயத்துக்கும் அவர் மகளுக்கும் ஒரே வயது.

அந்த வேலையின் சூட்சுமத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். துறைமுக வாயில், கடல் தரையில், இருபத்துநான்கு ஹைட்ரோபோன்கள் ஒரே கோட்டில் வரிசையாகக் கிடந்தன. ஹைட்ரோபோன் என்றால் தண்ணீருக்குள் கேட்கிற மைக், அவ்வளவுதான். இருபத்துநான்கும் எல்லாச் சத்தத்தையும் கலந்துதான் கேட்கும். ஆனால் ஒரு சத்தம் எல்லா மைக்கையும் ஒரே நேரத்தில் எட்டாது. முதல் மைக்குக்கு வந்து எவ்வளவு நேரம் கழித்து இரண்டாவதுக்கு வந்தது, மூன்றாவதுக்கு வந்தது என்று கணக்குப் போட்டால், சத்தம் எந்தச் சாய்விலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். அந்தத் தாமதத்தைச் சரிக்கட்டி எல்லாவற்றையும் கூட்டினால் அந்தத் திசைச் சத்தம் மட்டும் ஓங்கும், மற்றவை அடங்கும். கூட்டமான பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் பேச்சை மட்டும் உற்றுக் கேட்கிற மாதிரி.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. நேர்கோட்டில் வரிசையாக நிற்கிற ஆட்களின் கண்ணைக் கட்டி, ஒரு காதையும் அடைத்துவிட்டு, எங்கோ ஒருவர் கை தட்டினால், யார் முதலில் கேட்டார், யார் கடைசியில் கேட்டார் என்பதை வைத்துச் சாய்வைச் சொல்லிவிடலாம். ஆனால் கை தட்டியவர் வரிசைக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று மட்டும் பிரம்மாவே வந்தாலும் சொல்ல முடியாது. இரண்டு பக்கத்துக்கும் கணக்கு ஒன்றுதான். திரையில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விளக்கு எரியும். பிறகு படகுகளின் பதிவுப் புத்தகத்தைப் பார்த்து, யார் எங்கே இருந்தார்கள் என்று விசாரித்து, மனிதன்தான் ஒரு பக்கத்தை முடிவு செய்ய வேண்டும்.

பத்து வருடத்துக்கு முன், வளைகுடாவில் மீன்குஞ்சு வளர்க்கிற பண்ணைக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். தண்ணீருக்குள் ஏதோ ஒன்று விடாமல் அதிர்கிறது, குஞ்சுகள் சாகின்றன என்று. சத்தத்துக்கு அளவு உண்டு, மீறினால் உரிமம் போகும். காது சார் கேட்டுப் பார்த்தார். 'தம் தம்' என்று கனமான துடிப்பு. கோட்டுக்கு முப்பது டிகிரிச் சாய்வில். இடப்பக்கம் பார்த்தால் அங்கே அக்கரைக்கு ஆள் ஏற்றுகிற படகின் துறை. வலப்பக்கம் பார்த்தால் கப்பல் பழுது பார்க்கிற பட்டறை. படகுக்காரர் துறையில் நிற்கும்போதும் இன்ஜினை ஓடவிட்டு வைக்கிறார் போல என்று தோன்றியது. துடிப்பின் வேகமும் படகை உந்துகிற மூன்று இலை ப்ரொபெல்லருக்குப் பொருந்தி வந்தது. படகின் பதிவுப் புத்தகத்தை வரவழைத்து நேரத்தை ஒப்பிட்டிருக்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் ஆகும். அன்றைக்கு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது, மனைவிக்கு வலி எடுத்துவிட்டது என்று. 'இடப்பக்கம், ஆள் ஏற்றும் படகு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார். சாயங்காலம் மகள் பிறந்தாள். அந்த மாதமே படகின் உரிமம் போயிற்று.

படகுக்காரர் அலுவலகத்துக்கு வந்து, "சார், கரையில கட்டினா உடனே இன்ஜினை அணைச்சிடுவேன் சார், டீசல் என்ன சும்மாவா வருது" என்று மாடியில் நின்று கத்தியிருக்கிறார். அடித்தளத்துக்கு அது கேட்கவில்லை.

படகு ஓடாமல் ஓடைக்குள் கட்டிக் கிடந்தது. 'தம் தம்' மட்டும் நிற்கவில்லை. காது சாருக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாவது மாதம் முக்குளிக்கிறவர்கள் வேறு ஏதோ வேலையாக அடியில் இறங்கி, போகிற போக்கில் ஹைட்ரோபோன்களையும் அளந்து ஒரு தாள் கொடுத்தார்கள். கோடு நேராக இல்லை. நடுவில் ஒன்பதாவதிலிருந்து பதினான்காவது வரை நீரோட்டம் தள்ளி, ஆறு மீட்டர் வளைந்திருந்தது. கோடு வளைந்தால் நல்லதுதான், வளைவு தெரிந்துவிட்டால் இடம் எது வலம் எது என்று கணக்கே சொல்லிவிடும். அந்த அளவைக் கணினியில் போட்டு, பழைய பதிவை மறுபடி ஓட்டினார். இடப்பக்கத்து விளக்கு மெல்ல மங்கி அணைந்தது. வலப்பக்கத்தில் பளிச்சென்று எரிந்தது. பட்டறையில் தண்ணீர் இறைக்கிற பெரிய பம்ப்.

அன்றைக்கே மாடிப்படி ஏறிப் போய்ச் சொல்லியிருந்தால் ஒரு மெமோவோடு போயிருக்கும். அவர் வேலை அப்போது நிரந்தரமாகியிருக்கவில்லை. வீட்டில் மூன்று மாதக் குழந்தை. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தார். நாளைக்கு என்பது திங்கட்கிழமையாகி, மாதக் கடைசியாகி, பிறகு பட்டறைக்காரர்களே அந்தப் பம்பை மாற்றிப் புதிது போட, சத்தம் நின்றது. பண்ணைக்காரர்கள் அந்தப் பருவம் புதுக் குஞ்சு விடாததால் மறுபடி புகார் வரவில்லை, இடையில் வந்த சத்தத்தையெல்லாம் அறிக்கையில் 'இதர ஒலிகள்' என்ற தலைப்பில் ஒதுக்கிவிட்டிருந்தார். படகை நிறுத்தினார்கள், சத்தம் நின்றது என்று எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள். 'காது சார்' என்ற பட்டம் அப்போது வந்ததுதான். அதற்குள் அந்த ஆள் படகை விற்றிருப்பார், இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பத்து வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வளைவின் அளவை அலுவலகக் கோப்பில் ஏற்றினால், யாராவது பழைய பதிவை ஓட்டிப் பார்க்கிற நாளில் குட்டு உடைந்துவிடும். அதனால் அலுவலகக் கோப்பில் கோடு நேராகவே இருந்தது. வளைவை மட்டும் தன் சொந்தக் கோப்பில் வைத்துக்கொண்டு, அதில் கணக்குப் போட்டு, விடையை அறிக்கையில் எழுதினார். வேறு யார் அந்த இயந்திரத்தில் உட்கார்ந்தாலும் இரண்டு பக்கமும் விளக்கு எரியும், காது சார் உட்கார்ந்தால் மட்டும் சரியான பக்கம் தெரியும். ஊர் வாயைப் பிளந்தது. அவர் காதில் ஏதோ வரம் இருக்கிறது என்றது. வரமாவது மண்ணாவது, ஒளித்து வைத்த ஒரு கோப்பு. அந்தப் புகழே அவரைக் கட்டிப் போட்டது, அதை விட்டுவிட்டு எழுந்து போக அவரால் முடியவில்லை.

படகு போன படகுக்காரருக்கு ஏதாவது வழி செய்ய வேண்டும் என்று அந்தச் சாதுவான மேலதிகாரி ஒரு காரியம் செய்தார். அதே கட்டடத்து வாசலில் அவரைக் காவலுக்குப் போட்டார். காக்கிச் சட்டையைப் போட்டாலும் எல்லாரும் அவரைப் படகுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். தினமும் காலையில் எழுந்து நின்று, "வணக்கம் சார், சாப்டாச்சா?" என்பார். பத்து வருடம். ஒரு நாளாவது முகம் கோணியிருந்தால் காது சாருக்கு அது பெரிய உபகாரமாக இருந்திருக்கும். அந்த மனிதருக்குக் கோபமே இல்லை. சார் படித்தவர், கருவி சொன்னதைச் சொன்னார், நம் படகு சத்தம் போட்டது என்று நம்பிவிட்டார். பின்பக்கம் ஒரு வாசல் இருந்தால் காது சார் அதன் வழியாகவே போய் வந்திருப்பார். அந்தக் கட்டடத்துக்கு ஒரே வாசல்தான்.

இந்த வருடம் ஆறாவது மனு. இந்தத் தடவை மனைவி அவரை நம்பவில்லை. லீவு போட்டுத் தலைமை அலுவலகத்துக்கே போய், காலையிலிருந்து மாலை வரை பெஞ்சில் உட்கார்ந்து, உத்தரவைக் கையோடு வாங்கிவிட்டாள்.

"வாங்கிட்டேங்க!" என்று போனில் சிரித்தாள். "உங்க மேலதிகாரி இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு மாசத்துல புது ஆள்கிட்ட ஒப்படைச்சிட்டு வந்துடணும். பாப்பா இப்பவே காலண்டர்ல கோடு போட ஆரம்பிச்சிட்டா."

"சந்தோஷம்" என்றார். குரலில் சந்தோஷம் வரவில்லை.

"என்ன, சுரத்தே இல்ல?"

"இல்ல, வேலை அதிகம்" என்று மென்று விழுங்கினார்.

"இந்தத் தடவையும் வரலேன்னா, அப்புறம் வராதீங்க. வெளாட்டுக்குச் சொல்லல."

புது இன்ஜினியர் முப்பது வயதுப் பெண். அறைக்குள் வந்த முதல் நாளே, "எப்படி சார் இதுக்குள்ள இருக்கீங்க?" என்றாள். இரண்டாவது வாரம் ஒரு கேள்வியோடு வந்தாள்.

"சார், ஒரு டவுட். உங்க ரிப்போர்ட் எல்லாம் அச்சு அசலா சரியா இருக்கு. அதே பதிவை நான் ஓட்டினா ரெண்டு பக்கமும் காட்டுது. நீங்க மட்டும் எப்படி ஒரு பக்கத்தை முடிவு பண்றீங்க?"

"அனுபவம்தாம்மா" என்றார். பத்து வருடமாக இந்த ஒரு சொல்லைக் கவசமாகப் போட்டுக்கொண்டு திரிந்தவர்.

"அனுபவத்தை எந்த ஃபைல்ல சார் சேவ் பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுச் சிரித்தாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அவர் தன் சொந்தக் கோப்பு திறந்து கிடக்கிறதா என்று திரையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை போகும்போது வாசற்படியில் நின்று சொன்னாள். "முக்குளிக்கிறவங்க ஒரு தடவை கோட்டை அளந்திருக்காங்களாம் சார். அந்த அளவோட நகலைக் கேட்டிருக்கேன், திங்கட்கிழமை வந்துடும். கோடு வளைஞ்சிருந்தா நமக்கு லாபம். பழைய பதிவையெல்லாம் முதல்லேருந்து ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்துடலாம்."

"பாத்துடலாம்" என்றார் காது சார்.

திங்கட்கிழமைக்குள் ஒரே ஒரு காரியம் செய்தால் போதும். அந்த நான்கு மாதப் பதிவை அழித்துவிட்டு, 'வட்டு பழுது' என்று எழுதி வைத்துவிட்டால் தீர்ந்தது. இந்த மாதிரிப் பதிவு வட்டுகள் எத்தனையோ பழுதாகியிருக்கின்றன, யாரும் கேட்கப் போவதில்லை. அடுத்த வாரம் பஸ் ஏறி, மனைவி மகளோடு ஜன்னல் உள்ள வீட்டில் மீதி வாழ்க்கையை ஓட்டலாம். சனிக்கிழமை மதியம் வரை அலுவலகம். புது இன்ஜினியருக்கு அன்றைக்கு விடுப்பு. எல்லாரும் போனபிறகு செய்துவிடுவது என்று முடிவு செய்து, அன்று மதியம் வாசலில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார்.

படகுக்காரர் எழுந்து நின்றார். "சார், மாற்றல் கெடைச்சிடுச்சாமே. ரொம்ப சந்தோஷம். புள்ளைய விட்டுட்டு எத்தனை நாளு இருப்பீங்க."

"ஆமாண்ணே."

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா சார்? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க."

"என் படகுச் சத்தத்தை ஒரு தடவை கேக்கணும் சார். அந்த மிஷின்ல பதிஞ்சு வெச்சிருப்பீங்கல்ல? மேல நின்னு இருபது வருஷம் கேட்டிருக்கேன். தண்ணிக்குள்ள அது என்ன சத்தம் போட்டு எல்லாத்தையும் கெடுத்துச்சுன்னு எனக்கே தெரியல. நீங்க போயிட்டா அப்புறம் யார்கிட்ட போயி கேக்குறது?"

முடியாது என்று சொல்ல ஆயிரம் வழி இருந்தது. விதி இருக்கிறது, இயந்திரம் சரியில்லை, நேரமில்லை. காது சார் உள்ளே கை காட்டினார். "வாங்கண்ணே" என்றார்.

பத்து வருடம் அந்தக் கட்டடத்தைக் காத்தவர் அன்றைக்குத்தான் முதல்முறையாக அடித்தளத்துக்கு இறங்கினார். கதவு இறுகியதும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். "என்ன சார், காதை யாரோ பொத்தின மாதிரி இருக்கு" என்றார். காது சார் அவரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டார். அழிப்பதற்காகக் காலையிலேயே தேடி எடுத்து வைத்திருந்த பதிவு அது. அதையே ஓட்டினார்.

படகுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். புருவம் சுருங்கியது. தலையைச் சாய்த்து மறுபடி கேட்டார். ஒரு தரம் வாயைத் திறந்து எதையோ சொல்ல வந்தார், சொல்லாமல் விட்டார். இது என் படகு இல்லை என்று சொல்லிவிடட்டும், சொல்லிவிடட்டும் என்று காது சார் மனசுக்குள் வேண்டிக்கொண்டார். அந்த மனிதர் சொல்லிவிட்டால், தான் 'ஆமாம்' என்று மட்டும் சொன்னால் போதும்.

ஐந்து நிமிடம் கழித்து அவர் ஹெட்போனைக் கழற்றினார்.

"எனக்கு என்னமோ வேற மாதிரி தோணுது சார். என் இன்ஜின்ல ஒரு இழுப்பு இருக்கும், அது இதுல இல்ல. ஆனா தண்ணிக்குள்ள இப்படித்தான் கேக்கும் போல. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுது?" ஹெட்போனை மேசையில் வைத்தார். "அப்ப என் தம்பி மேலதான் தப்பு. அவன்தான் சார் இன்ஜின் வேலையெல்லாம் பாத்தான். அந்த ப்ரொபெல்லரை வாங்கிப் போட்டதும் அவன்தான். நம்ம படகு இல்லண்ணே, நம்ம படகு இல்லண்ணேன்னு தலையால அடிச்சுக்கிட்டான். ஆபீஸ் பேப்பர்ல எழுதியிருக்கு, நீ பொய் சொல்றியான்னு வெளிய போகச் சொல்லிட்டேன். ஒன்பது வருஷம் மூஞ்சில முழிக்கல. போன வருஷம் போயிட்டான், மாரடைப்பு. மனசுல ஒரு உறுத்தல் இருந்துச்சு, அநியாயமா சொல்லிட்டோமோன்னு. இப்பக் கேட்டதும் தெளிஞ்சிடுச்சு சார். ரொம்ப நன்றி."

அவர் எழுந்து கைகூப்பினார். காது சார் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. பத்து வருடம் அடைத்து வைத்திருந்தது வாயில் வரிசையாக வரவில்லை. கோடு, வளைவு, வலப்பக்கம், பம்ப், குழந்தை பிறந்த நாள் என்று முன்னும் பின்னுமாகக் கொட்டினார். பாதிக்கு மேல் படகுக்காரருக்குப் புரியவில்லை. புரிய வேண்டியது புரிந்துவிட்டது.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டார். 'சார்' இல்லை.

"மூணாவது மாசம்."

"மூணாவது மாசமா?"

"அதுக்குள்ள நீங்க படகை வித்திருப்பீங்கன்னு..."

"நாலாவது மாசம்தான் வித்தேன்" என்றார் படகுக்காரர். "நாலு மாசம் ஓடையில கட்டிப் போட்டு, தினம் போயி தண்ணி இறைச்சிட்டு வந்தேன். எப்படியாவது திரும்ப விட்டுடுவாங்கன்னு."

அத்தனை வருடமும் காது சார் எதைப் பிடித்துக்கொண்டு தொங்கினாரோ அதுவும் பொய்யாகப் போயிற்று.

அன்றைக்குப் பதிவை அழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினார். திங்கட்கிழமை அதையும், தன் சொந்தக் கோப்பையும் மேலதிகாரியின் மேசையில் வைத்தார். அந்தச் சாது இரண்டு முறை படித்துவிட்டு, "ஏன்யா, இதை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். புது இன்ஜினியர் அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டு, வளைவின் அளவைச் சத்தமில்லாமல் அலுவலகக் கோப்பில் ஏற்றினாள். புதன்கிழமை உத்தரவு வந்தது. மாற்றல் நிறுத்தி வைக்கப்படுகிறது, விசாரணை முடியும் வரை ஊரை விட்டு வெளியே போகக் கூடாது. விசாரணை எப்போது முடியும் என்று அதில் இல்லை. விசாரணைக்காகப் பத்து வருடப் பதிவையும் மறுபடி ஓட்டித் தர வேண்டும், அதை அவரே, அதே அறையில் உட்கார்ந்து செய்ய வேண்டும் என்று மட்டும் இருந்தது.

மனைவியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னார். மனுக்களைக் கெடுத்தது தானே என்பதையும் சொன்னார்.

"அவ பொறந்த அன்னிக்கா கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா."

"வருஷா வருஷம் அவ பொறந்தநாளுக்கு வந்து, மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டு உக்காந்திருந்தீங்களே, இதுக்குத்தானா? அப்பாவுக்கு என்னைப் பிடிக்கலையான்னு ஒரு தடவை கேட்டா அவ. உங்ககிட்ட சொல்லல." பிறகு, "காலண்டர்ல அவ போட்ட கோட்டை நான் எப்படிங்க அழிக்கிறது?" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

படகுக்காரர் நான்கு நாள் வேலைக்கு வரவில்லை. ஐந்தாவது நாள் வந்தார். காக்கிச் சட்டை போடாமல், வாசலுக்கு வெளியே நின்றார். மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதி வைத்திருந்தார் காது சார். அதை நீட்டினார்.

"எனக்கு வேணாம்" என்றார் படகுக்காரர். "என்கூட வாங்க. தம்பி வீட்டுல வந்து உங்க வாயால சொல்லுங்க."

தம்பி வீடு மீன் சந்தைக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரே அறை. மூலையில் ஒரு தையல் மிஷின், அதன்மேல் பாதி தைத்த பள்ளிச் சீருடை. தம்பியின் மனைவி கதவைத் திறந்து, கணவனின் அண்ணனைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். சாவுக்கு வந்தபோதுகூட அவர் தெருவோடு நின்று திரும்பியவர். இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தான் உட்காரவில்லை.

காது சார் சொன்னார். இந்த முறை வரிசையாகச் சொன்னார். சத்தம் பட்டறைப் பம்பிலிருந்து வந்தது, படகிலிருந்து இல்லை, ப்ரொபெல்லரில் எந்தக் குறையும் இல்லை, உங்கள் கணவர் சொன்னதுதான் உண்மை, தப்பு என்னுடையது என்றார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு படகுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"ஒன்பது வருஷம் அவர் சொன்னாரு மாமா, நம்பல. நான் உங்க வீட்டு வாசல்ல வந்து அழுதுட்டுப் போனேன், நம்பல. அன்னிக்கு இவர் எழுதினதும் நம்புனீங்க. இப்ப இவரே மாத்திச் சொன்னதும் உடனே நம்பிட்டுக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

படகுக்காரரின் தலை கவிழ்ந்தது. அவர் காது சாரைப் பார்த்தார், இதற்கும் ஒரு பதிலைப் பிரித்து எடுத்துக் கொடுப்பார் என்பது போல. சந்தையின் இரைச்சல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

காது சார் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க சார்" என்றாள் அவள். "பசங்க ஸ்கூல் விட்டு வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அப்பாதான் படகைக் கெடுத்தாருன்னு பெரியவனை ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க. அவன்கிட்டயும் நீங்களே சொல்லிட்டுப் போங்க."

அவள் போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். இருவரும் எதிரே நாற்காலியில் காத்திருந்தார்கள்.